இடது மூலை

ஆஸ்பத்திரி விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. மடித்துக் காட்டுகிறேன் என்று வீம்புக்கு வந்து நிற்கிற புதுப் பெண்கள் உண்டு. பாதி விரிப்பு தரையில் புரளும், மேற்பார்வையாளர் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்வார், விரிப்பு மறுபடி துவைக்கப் போகும். விரிப்புக்கு நாலு மூலை, ஆளுக்கு இரண்டு கை, ஆக இரண்டு பேர். சலவைக்கூடத்தில் இதை இன்றுவரை யாரும் மாற்றினதில்லை.

பெரியவளும் சின்னவளும் பதினோரு வருஷமாக ஜோடி. அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள். பெரியவளின் புருஷன் சலவைக்கூடத்து வேனை ஓட்டுகிறவர். ஒரே மகன் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். சின்னவளின் புருஷன் கப்பலில் சமையல்காரன்; வருஷத்தில் ஒரு மாதம் வீட்டில் இருப்பான். மற்ற பதினோரு மாதமும் அவளுக்குச் சண்டை போடவும் சிரிக்கவும் பெரியவள்தான். ஒரே அடுப்பு, ஒரே குளியலறை, ஒரே வேலை. இதில் இரண்டு பேரும் அடித்துக்கொள்ளாமல் இருந்ததே பெரிய விஷயம் என்று கூடத்தில் பேசிக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளாமல் எங்கே இருந்தார்கள்? விரிப்பின் இந்த முனையிலும் அந்த முனையிலும் நின்று, நீராவி முகத்தில் அடிக்க, காலையிலிருந்து மாலைவரை வாயால் அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். கை மட்டும் தன்பாட்டுக்கு மடிக்கும். ஒரு உதறல், எதிரும் புதிருமாக நாலு எட்டு, மூலையோடு மூலை, அடுத்த விரிப்பு.

அதனால்தான் பெரியவளின் உடம்பில் ஏதோ சரியில்லை என்பது டாக்டருக்கு முன்பே, வேன்காரருக்கு முன்பே, சின்னவளின் கைக்குத் தெரிந்துவிட்டது. போன வருஷக் கடைசியில் ஒரு நாள் உதறும்போது எதிர்ப்பக்கம் ஒரு மூலை தொய்ந்தது. மறுநாளும் தொய்ந்தது.

"அக்கா, உன் இடது மூலை தொங்குது."

"தொங்கினா தொங்கட்டும். உன்னைத் தூக்கச் சொன்னேனா?"

"மடிப்பு கோணுதே. அப்புறம் என்னைத்தான் திட்டுவாங்க."

"கோணல் இல்லாம இழு. பேச வந்துட்டா."

இரண்டு மாதம் இப்படி இழுபறியாகவே போயிற்று. அக்குளில் கட்டி ஒன்று இடிக்கிறது, அதனால்தான் கை மேலே போகவில்லை என்று பெரியவள் சொன்னபோது, மார்பில் இருந்த கட்டி எலுமிச்சை அளவுக்கு வந்திருந்தது. 'தொங்குது தொங்குது என்று கத்தினேனே, ஏன் தொங்குகிறது என்று ஒரு வார்த்தை கேட்டேனா?' இந்த ஒரு நினைப்பு சின்னவளை அரித்துத் தின்றது. சாப்பிட உட்கார்ந்தால் அது, பஸ்ஸில் ஏறினால் அது.

அறுவை முடிந்தது. இடது பக்கம் முழுசாக எடுத்துவிட்டார்கள். மகனிடம் 'சின்ன ஆபரேஷன்' என்று சொல்லி வைத்தார்கள். அடுத்து ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும், மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்றார் டாக்டர்.

'மாடிப்படி' என்ற போன் குழுவின் எண் கிடைத்தது ஆஸ்பத்திரி நடையில்தான். பெரியவள் ரத்தப் பரிசோதனைக்கு உள்ளே போயிருந்தாள். சின்னவள் மடியில் அவளுடைய கோப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் துண்டு கட்டியிருந்த ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கோப்பைப் பார்த்தாள்.

"உங்களுக்கா?"

சின்னவள் பதில் சொல்வதற்குள் அவளே பேசினாள். "நாங்க ஒரு குழு வச்சிருக்கோம், போன்ல. நாப்பத்தோரு பேர். எல்லாரும் மார்ல இந்த நோவு வந்த பொம்பளைங்க. புருஷனைச் சேத்துக்க மாட்டோம், அம்மா அக்கா தங்கச்சி யாரையும் சேத்துக்க மாட்டோம். அவங்க வந்தா ஒண்ணு அழுவாங்க, இல்லேன்னா புத்தி சொல்லுவாங்க. உங்களுக்குத்தானே?"

"ஆமா," என்றாள் சின்னவள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று பிறகு எவ்வளவோ யோசித்துப் பார்த்தாள். பெரியவளைக் கேட்டால் வாயைத் திறப்பதில்லை. வலிக்கிறதா என்றால் "ம்". சாப்பிடுகிறாயா என்றால் "ம்". உள்ளே என்ன நடக்கிறது என்று யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பதற்கு இருந்த ஒரே கதவில் 'நோயாளிகள் மட்டும்' என்று எழுதியிருந்தது. உள்ளே நுழைந்துவிட்டாள்.

மாடிப்படியில் பெயர் கிடையாது. தொழில் பெயர் போதும். குழுவை நடத்துகிறவள் டீச்சர். நடையில் பார்த்த துண்டுக்காரி பூக்கடை. இன்னும் பேங்க், நர்சு, தறி, பஸ் கண்டக்டர். இவள் 'சலவை' ஆனாள். எழுதக் கூடாது, குரலில்தான் பேச வேண்டும். எழுதினால் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாது என்பது டீச்சரின் கட்சி. தினமும் காலையில் ஒவ்வொருத்தியும் தான் எத்தனாவது படியில் இருக்கிறாள் என்று சொல்லுவாள். பத்தாவது படி மொட்டைமாடி, முதல் படி அடித்தளம். கீழ்ப்படியில் இருக்கிறவளிடம் மற்றவர்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்கள்: "கூட உக்காரவா, ஏத்தி விடவா?" உட்காரச் சொன்னால் யாரும் புத்தி சொல்லக் கூடாது. ஏற்றிவிடச் சொன்னால் மட்டும்தான் சொல்லலாம்.

சின்னவள் ஒரு காதில் போன் கம்பியை மாட்டிக்கொண்டு, தலைத்துணியால் மூடி மறைத்து, மடிக்கிற நேரமெல்லாம் அந்தக் குரல்களைக் கேட்டாள். இப்போது அவளுக்கு ஜோடியாக வந்தவள் ஒரு புதுப்பெண், வாயே திறக்காதவள், அது ஒரு விதத்தில் வசதியாகப் போயிற்று. தேநீர் இடைவேளையில் பாய்லர் அறைக்குப் பின்னால் போய் நின்று தன் குரலைப் பதிவு செய்வாள்.

"நான் சலவை. இன்னிக்கு நாலாவது படி. வாயெல்லாம் புண்ணு. சோறு இறங்கல."

பதில் வந்து குவியும். நன்றாகக் குழைத்து ஆறவைத்துச் சாப்பிடு, உப்புத் தண்ணீரில் கொப்பளி, பல் தேய்க்கக் குழந்தை பிரஷ் வாங்கு. மாலை வீட்டுக்குப் போய் அவற்றையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்வாள். பெரியவளுக்குச் சந்தேகம் வந்தது.

"உனக்கு இதெல்லாம் யாருடி சொல்றா?"

"நர்சு சொன்னாங்க." அது முழுப் பொய்யும் இல்லை.

முதலில் பெரியவளின் முகத்தைப் பார்த்துப் படியைக் கணக்கிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். போகப்போக யாருடைய படியைச் சொல்கிறோம் என்பதே அவளுக்குக் குழம்பிவிட்டது. கப்பலிலிருந்து போன் வராத வாரம் அவள் இரண்டாவது படியில் இருந்தாள். பூக்கடை "கூட உக்காரவா?" என்று கேட்டதும் பாய்லர் அறைச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அப்படி ஒரு வார்த்தையை அவளிடம் யாரும் கேட்டதில்லை. திருட்டுச் சோறு தின்கிறோம் என்று தெரிந்தது. ஆனாலும் பசித்தது.

ஒரு தடவை மட்டும் மாட்டிக்கொள்ளப் பார்த்தாள். தையல் போட்ட இடம் எப்படி இருக்கிறது என்று பூக்கடை கேட்டாள். சின்னவள் யோசித்தாள். அவளுக்குத் தெரிந்த பெரிய வலி ஒன்றுதான். முன்கையில் ஐந்து தழும்பு இருக்கிறது, சலவைக்கூடம் கொடுத்தது.

"இஸ்திரி சுட்ட மாதிரி எரியுது," என்றாள்.

"எரியுதா? எனக்கு எரியலையே," என்றாள் பூக்கடை. பேங்க் நடுவில் புகுந்து ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி என்று காப்பாற்றினாள். ஈரத்துணி போட்டுப் பார் என்றார்கள். அன்று மாலை சின்னவள் துணியை நனைத்துக்கொண்டு போய்ப் பெரியவளின் நெஞ்சில் வைத்தாள். பெரியவள் பதறிப்போய்த் தட்டிவிட்டாள்.

"குளிருதுடி! என்ன பண்றே நீ?"

"எரியலையா?"

"எரியுதுன்னு நான் உன்கிட்ட சொன்னேனா?"

சொல்லவில்லைதான். சொல்லியிருந்தால் இந்தப் பாடு எதற்கு?

இரண்டாவது மருந்து ஏற்றிவிட்டு வந்த நாளிலிருந்து பெரியவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மூன்றாவதுக்குப் போக வேண்டிய நாள் வந்தது. வேன்காரர் வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தினார்.

"கிளம்பு," என்றார்.

"நான் வரல."

"வரலைன்னா?"

"போதும்னு அர்த்தம்."

"வாந்திக்குப் பயப்படுறியா? அதுக்கு மாத்திரை தர்றேன்னு சொல்லியிருக்காங்கல்ல."

அவர் கெஞ்சினார், கத்தினார், கடைசியில் வாசல்படியில் உட்கார்ந்து வண்டிச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் வண்டி ஓட்டினவர், இந்த இடத்தில் எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் நின்றுபோனார். பிறகு சின்னவளிடம் வந்தார்.

"ஏம்மா, நீ கேட்டுப் பாரு. உன்கிட்டதான் அவ வாயைக் கொடுப்பா."

"இப்ப என்கிட்டயும் இல்லை மாமா."

டாக்டர் ஒரு வாரம் தள்ளிக்கொடுத்தார். அதற்கு மேல் இடைவெளி விட்டால் ஏற்றினதும் வீணாகப் போகலாம், நோவு மறுபடி தலைதூக்கலாம் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வருகிற வியாழக்கிழமை. அதுவும் தவறினால் தான் பொறுப்பில்லை.

சின்னவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. மறுநாள் பாய்லர் அறைக்குப் பின்னால் நின்று, "நான் சலவை. அடித்தளத்துல இருக்கேன். வியாழக்கிழமை மருந்து ஏத்தப் போக வேணாம்னு இருக்கு. ஏத்தி விடுங்க," என்றாள். அதில் நடிப்பு எதுவும் இல்லை.

மாடிப்படி திரண்டு எழுந்துவிட்டது. கண்டக்டர் அழுதாள், தறி திட்டினாள், பேங்க் தன் கதையைச் சொன்னாள். அந்த ஊரிலேயே இருக்கிற டீச்சரும் பூக்கடையும் என்ன முடிவெடுத்தார்கள் என்பது ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. தெரிந்தது சின்னவளுக்கு இல்லை, பெரியவளுக்கு.

அன்று விடிந்ததிலிருந்து மழை. வீட்டுக்குள் கொடி கட்டித் துணி தொங்கிக்கொண்டிருந்தது. ஈரவாடை சலவைக்கூடத்தைவிட மோசம். வேன்காரர் வண்டியைப் பழுது பார்க்கக் கொண்டுபோயிருந்தார். சின்னவள் ரொட்டியும் முட்டையும் வாங்கக் குடையோடு தெருமுனைக்குப் போனாள். போனை அடுப்புமேடையில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்த வீட்டில் போனைப் பூட்டி வைக்கிற வழக்கம் யாருக்கும் இல்லை.

போன் விடாமல் மணியடித்தது. கப்பலிலிருந்துதான் கூப்பிடுகிறான் என்று நினைத்துப் பெரியவள் எழுந்து வந்து எதையோ தொட, வந்திருந்த குரல் பதிவு ஓடத் தொடங்கியது.

சின்னவள் திரும்பி வந்தபோது ஒரு குரல் வீடு நிறையப் பேசிக்கொண்டிருந்தது. "சலவை, வியாழக்கிழமை காலையில எட்டு மணிக்கு நானும் பூக்கடையும் ஆஸ்பத்திரி வாசல்ல நிப்போம். மருந்து முடியறவரைக்கும் உன் பக்கத்துலதான். இடது கை வீக்கம் வத்திச்சா? தலையணை மேல தூக்கி வைக்கச் சொன்னேனே, வச்சியா?"

பெரியவள் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது நேற்றுவரை தலையணை மேல்தான் இருந்தது.

"யாரு இது?"

குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"என் கையைப் பத்தி இவளுக்கு எப்படித் தெரியும்?"

"அக்கா... நீ வாயைத் திறக்கல. நான் என்ன பண்றது? கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னு..."

"என்னன்னு சொன்னே?"

"எனக்குன்னு சொல்லிட்டேன்."

"எது?"

"நோவு. எனக்குத்தான்னு."

பெரியவள் முக்காலியில் உட்கார்ந்தாள். அடிப்பாள் என்று சின்னவள் நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

"ஆரம்பத்துலேருந்து போடு," என்றாள் பெரியவள்.

"அக்கா, வேணாம்."

"போடுடி."

இரண்டு மாதத்துக் குரல்கள். தான் பேசினதை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டாள் சின்னவள். 'நான் சலவை. இன்னிக்குத் தலைமுடி கொத்தாக் கையில வந்துருச்சு. சீப்பைக் கழுவவே தோணல.' 'நான் சலவை. கண்ணாடியைத் துணி போட்டு மூடிட்டேன்.' 'நான் சலவை. மகன் போன் பண்றான். குரல்ல காட்டிக்காம பேசணும். பேசி முடிச்சதும் நடுங்குது.' பெரியவளின் இரண்டு மாதமும் இன்னொருத்தி வாயால் அவள் எதிரே வந்து நின்றது. மழை ஓட்டில் இரைந்தது. ரொட்டி மேடையில் நனைந்த பையோடு கிடந்தது. பெரியவள் ஒரு இடத்தில்கூட நிறுத்தச் சொல்லவில்லை. முகத்தில் கோபம் வந்தது, போயிற்று. கண்ணாடி வந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டாள்.

'இஸ்திரி சுட்ட மாதிரி எரியுது.'

"நிறுத்து," என்றாள்.

நிறுத்தினாள்.

"நாப்பத்தோரு பேரு. என் உடம்பை நாப்பத்தோரு பேருக்கு விரிச்சுப் போட்டிருக்கே. எனக்கு அதுகூடப் பரவாயில்ல போலிருக்கு. தப்புத்தப்பா சொல்லியிருக்கே பாரு, அதான் தாங்கல." மூச்சு வாங்கியது. "எதை அமுக்கணும்?"

"என்னது?"

"பேசறதுக்கு. எதை அமுக்கணும்?"

சின்னவள் காட்டினாள். பெரியவள் போனை வாய்க்கு மிக அருகே, ஏதோ குடிக்கப்போவதுபோலப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் மழைச் சத்தம்தான் பதிவாகியிருக்கும்.

"நான் சலவை. இதுவரைக்கும் பேசினது என் ஓரகத்தி. நோவு எனக்கு. அவளுக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கா. அவ சொன்னதுல பாதி தப்பு. எரியுதுன்னா, எரியாது. அங்க ஒண்ணுமே தெரியல. கிள்ளினாலும் தெரியல. வேற யாரோட உடம்பையோ தொடுற மாதிரி இருக்கு. ஆனா அரிக்குது. எங்கேன்னா... எடுத்துட்டாங்களே, அங்க. இல்லாத இடம் அரிக்குது. சொறியலாம்னு கையைக் கொண்டுபோனா அது நேரா எலும்புல போய் நிக்குது. இதை யார்கிட்ட சொல்றது? புத்தி பேதலிச்சுப் போச்சும்பாங்க."

விரல் வழுக்கி அது போய்விட்டது. மறுபடி அமுக்கினாள்.

"மருந்துக்குப் போக மாட்டேன்னது வாந்திக்குப் பயந்து இல்ல. நாங்க ஆஸ்பத்திரி விரிப்பு துவைக்கிறவங்க. சனிக்கிழமையானா இந்த மருந்து ஏத்துற வார்டு மூட்டை வரும், மஞ்சப் பை. அதைப் பிரிக்க எங்கள்ல ஒருத்திக்கும் பிடிக்காது. பதினோரு வருஷத்துல நான் ஒரு தடவைகூடத் தொட்டதில்ல. காலாலே இவ பக்கம் தள்ளிவிடுவேன். 'நீ சின்னவ, நீ பிரி'ம்பேன். இவ பிரிப்பா. அப்புறம் இவ கையால தர்ற டீயைக்கூட அன்னிக்கு நான் வாங்க மாட்டேன். ஒட்டிக்கும்னு ஒரு பயம். ஒட்டாதுன்னு தெரியும், இருந்தாலும். போன தடவை மருந்து ஏறும்போது விரிப்பு மேலேயே வாந்தி எடுத்துட்டேன். பாத்தா ஓரத்துல எங்க கூடத்து முத்திரை. அதைச் சுருட்டி மஞ்சப் பையிலதான் போட்டாங்க. அந்தச் சனிக்கிழமை அதை யாரு பிரிச்சிருப்பா? இவதான். என்னோடதுன்னு தெரியாமலே என் அசிங்கத்தை அலசியிருக்கா. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு மறுபடி நான் அங்க போய்ப் படுக்கறது?"

போனை மேடையில் வைத்தாள். சின்னவளைப் பார்க்கவே இல்லை. சின்னவளுக்கோ அந்தச் சனிக்கிழமை நன்றாக நினைவிருந்தது. மஞ்சள் பையில் பதினான்கு விரிப்பு. கையுறை போட்டுக்கொண்டு, காதில் பூக்கடையின் குரலைக் கேட்டுக்கொண்டே, பதினான்கையும் அலசினாள். அதில் எது என்று இப்போது யார் சொல்வது?

"அக்கா, எனக்கு அது வேலை. எல்லாத்தையும் போல அதுவும் ஒரு மூட்டை."

"உனக்கு அப்படி. தள்ளிவிட்டவளுக்கு அப்படி இல்ல."

முதல் பதில் பூக்கடையிடமிருந்து வந்தது. "எனக்கும் அரிக்கும்," என்றாள். "மூணு வருஷமா. இந்தக் குழுவுலகூட நான் சொன்னதில்ல. எனக்கு மட்டும்தான்னு நினைச்சேன்." அடுத்து தறி, அடுத்து பேங்க். இல்லாத இடம் அரிக்கிற பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்துகொண்டே இருந்தார்கள். ஒருத்தி சொறியும் இடம் கிடைக்காமல் தலையணையைச் சொறிவேன் என்றாள். பெரியவள் தொண்டைக்குள் ஒரு சத்தம் எழுப்பினாள். சிரிப்பு என்று சின்னவள் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டே இரண்டு மாதமாகிவிட்டது.

கடைசியில் டீச்சர் பேசினாள். குரலில் வெதுவெதுப்பு இல்லை.

"ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டு இருப்பீங்கன்னு நினைக்கிறேன். பெரியம்மா, உங்க நம்பரை அனுப்புங்க, சேத்துக்கறேன். வியாழக்கிழமை நாங்க வர்றோம், நீங்க வந்தாலும் வரலைன்னாலும் வாசல்ல நிப்போம். இன்னொருத்தி இருக்காளே, நீ போகணும்மா. உன்னைத் திட்டலை. ஆனா இங்க சில பேர் புருஷன்கிட்டகூடக் காட்டாததை உன்கிட்ட சொல்லியிருக்காங்க. உனக்கும் அந்த வலின்னு நம்பிச் சொன்னது. அதை இனிமே திருப்பி வாங்க முடியாது."

சொல்லி முடித்த கையோடு சின்னவளின் போனில் மாடிப்படி மூடிக்கொண்டது. நாற்பத்தோரு குரலும் நின்றுபோயின. நியாயம்தான். அவளே டீச்சராக இருந்தால் அதைத்தான் செய்திருப்பாள். நெஞ்சு மட்டும் கேட்க மாட்டேன் என்றது. மேடையைப் பிடித்துக்கொண்டு முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் வைத்தாள்.

பெரியவளிடம் மகன் வாங்கிக் கொடுத்த போன் ஒன்று பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து வந்து எண்ணை அனுப்பச் சொன்னாள். அனுப்பிக் கொடுத்ததும், "கொஞ்சம் வெளிய இரு," என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். சின்னவள் கொடித் துணிகளுக்கு நடுவே நின்றாள். கதவுக்குப் பின்னால் பெரியவளின் குரல் ஏறியும் இறங்கியும் கேட்டது, வார்த்தை புரியவில்லை. இந்தக் குரலைக் கேட்கத்தானே இவ்வளவும் செய்தாள்? கேட்டாயிற்று. சந்தோஷப்பட வேண்டியவள், வாசலில் நிற்கிற அந்நிய ஆள் மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை பெரியவள் தானாகவே எழுந்து தலைத்துணி கட்டிக்கொண்டாள். பீரோவிலிருந்து வீட்டு விரிப்பு ஒன்றை எடுத்துப் பையில் வைத்தாள்.

"அங்க விரிப்பு தருவாங்களே," என்றார் வேன்காரர்.

"எனக்கு இதுதான்."

சின்னவளும் செருப்பைப் போட்டுக்கொண்டாள். பெரியவள் தலையை ஆட்டினாள். "நீ வேலைக்குப் போ. அவங்க ரெண்டு பேரு இருப்பாங்க."

அன்று முழுவதும் சின்னவளுக்கு மடிப்பு ஓடவில்லை. காதில் கம்பி இல்லை. புதுப்பெண்ணிடம் இரண்டு தடவை திட்டு வாங்கினாள். வாயே திறக்காதவளைத் திறக்க வைத்தவள் என்ற பெயர் மட்டும் மிச்சம். தேநீர் இடைவேளையில் பழக்கதோஷத்தில் பாய்லர் அறைக்குப் பின்னால் போய் நின்று, வெறும் போனைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

மாலை வீட்டுக்கு வந்தபோது வேன்காரர் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். பின்கட்டுப் பக்கம் கண்ணைக் காட்டினார். மழை விட்டிருந்தது. குழாயடியில் வாளி, வாளியில் ஊறவைத்த விரிப்பு, பக்கத்தில் முக்காலியில் பெரியவள். முகம் வெளுத்துப்போய், உதடு காய்ந்து, உட்கார்ந்திருப்பதே பெரிய வேலை என்பது போல உட்கார்ந்திருந்தாள்.

"ஏறுச்சா?"

"ஏறுச்சு. பூக்கடைக்காரி நிறுத்தாம பேசுறா. தூங்கவே விடல." கையை அசைத்து வாளியைக் காட்டினாள். "நானே துவைச்சிடலாம்னு ஊறப்போட்டேன். ஒத்தக் கையால முடியல."

சின்னவள் குனிந்தாள்.

"இரு, கையுறையைப் போடு. ரெண்டு நாளைக்கு மருந்து உடம்புலேருந்து வெளிய வந்துக்கிட்டே இருக்குமாம். டீச்சர் சொல்லச் சொன்னா."

"என்கிட்டயா சொல்லச் சொன்னாங்க?"

"துவைக்கிறவகிட்ட சொல்லுன்னா. வேற யாரு துவைப்பா?"

சின்னவள் கையுறையைப் போட்டுக்கொண்டு அலசினாள். மூன்று தண்ணீர் மாற்றினாள். வாடை அடித்தது, வாடை அடிக்கத்தான் செய்யும். பெரியவள் முதலில் வேறு பக்கம் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பி, கடைசித் தண்ணீர்வரை கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூக்கைச் சுளிச்சேன்னா குழுவுல சொல்லிடுவேன்."

"சொல்லேன். எனக்குத்தான் அங்க இடமில்லையே. நான் என்னத்தைக் கேக்கப் போறேன்?" சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லி முடித்ததும் வாளிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெரியவள், பிழிந்த விரிப்பின் இரண்டு மூலையை வாங்கிக்கொண்டு எழுந்து நின்றாள். வலது கை மேலே போயிற்று. இடது கை இடுப்புக்கு மேல் வரவில்லை. இருவரும் உதறினார்கள். இடது மூலை தொங்கியது. சின்னவள் அதற்கு நேரே இருந்த தன் மூலையையும் அதே அளவுக்குத் தாழ்த்திப் பிடித்தாள். விரிப்பு கோணாமல் நின்றது.

"எத்தனாவது படியில இருக்கே?" என்றாள் பெரியவள்.

சின்னவள் எதிர்பார்க்கவில்லை. "யாரு, நானா?"

"உன்னைத்தான். இது உன் சொந்தக் கணக்கு. என்னோடதைச் சொல்லாத."

விரிப்பில் இருந்து தண்ணீர் இருவர் காலிலும் சொட்டிக்கொண்டிருந்தது. சின்னவள் வாயைத் திறந்தாள், எண் வரவில்லை, அழுகைதான் வந்தது.

"சரி, சொல்ல வேணாம்," என்றாள் பெரியவள். "முதல்ல இதைக் கொடியில போடு. அப்புறம் வந்து கூட உக்காரு."